எருமை ஏப்பமும் என் வாயும்

ஆரையம்பதி

மதிப்புக்குரிய சம்பந்தியார் விஜிதரன் அவர்களுக்கு,

வாகரையில் தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுமென்று கும்பிட்டு எழுதுகிறேன். நான் உடம்பால் சுகம். முகந்தான் வெளியில் காட்டக்கூடியதாக இல்லை. உங்கள் தங்கை சீதேவி, தன் மகள் தக்ஷாயினியை என் மகன் ரதீஸுக்குத் தரமாட்டேன் என்று சொன்னது உங்கள் காதுக்கு வந்திருக்கும். பிழை முழுவதும் என்னுடையது.

போன கிழமை, காலநிலை மாற்றம் பற்றிச் சனங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு மிஸ் எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வந்தார். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர் என்றபடியால் என்னை வரவேற்புரை மட்டும் சொல்லச் சொன்னார்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பச்சைவீட்டு வாயு எண்டா என்ன?" என்று ஒருவர் மிஸ்ஸைக் கேட்க, "பச்சைப் பெயின்ட் அடிச்ச வீடு சூட்டப் பிடிச்சு வெச்சிருக்கும், அதுதான்" என்று நான் முந்திக்கொண்டேன். அரிசி மில்காரர் அடுத்த நாளே தன் வீட்டுப் பச்சையைச் சுரண்டி வெள்ளை அடித்தார். இப்போது என்னோடு கதைப்பதில்லை. அதோடு நிறுத்தினேனா? "மழை காலந்தப்பிப் பெய்யிறதுக்கு ஆர் காரணம்?" என்று இன்னொருவர் கேட்க, டிவியில் அரைகுறையாகக் கேட்டது ஞாபகம் வந்து, "மாடு பின்னால விடுற மீதேன் வாயு! இந்த ஊரில ஆருக்கு எருமை கூடுதலா இருக்கு? சீதேவிக்கு. உலகம் சூடாகிறதே அவட எருமைப் பட்டியாலதான்" என்று விட்டேன். தயிர் விற்றுப் பிள்ளையை வளர்த்த மனுசி, புதுச் சாறியோடு முன்வரிசையில் இருந்தார். சபை சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் சோறு இறங்குதில்லை.

பிறகு மிஸ் மெல்ல எழும்பினார். "ஐயா, அது பின்னால இல்ல, கூடுதலா ஏப்பத்தாலதான் வாற. ஆனா பெரிய காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கிறதுதான். தண்ணி தேங்கி நிக்கிற வயலும் மீதேன் விடும்."

"ஆர்ர வயலில எந்நாளும் தண்ணி நிக்கிற?" என்று சீதேவி கேட்டார்.

முழு வயல்வட்டைக்காரரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து பிள்ளைகள் சீதேவியின் தயிர்ச் சட்டியைக் கண்டால் ஏப்பம் விட்டுக் காட்டுகிறார்கள். ரதீஸ் நான் இருக்கிற இடத்தில் சாப்பிடுவதில்லை. நேற்று மன்னிப்புக் கேட்கப் போனேன். சீதேவி படலையிலேயே மறித்தார். "ஊருக்கு முன்னால சொன்னதுக்கு வீட்டுக்குள்ளயா மன்னிப்பு? ஊருக்கு முன்னாலயே கேளுங்க அண்ணன்." நாளைக்குக் கோயிலடிக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். தாய்மாமன் நீங்கள் ஒரு சொல் சொன்னால் அவர் மனம் இளகும். இனித் தெரியாத கேள்விக்கு வாய் திறக்கமாட்டேன், இது சத்தியம்.

பிள்ளையார் உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
அருமைநாயகம்

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் கூட்டமும் முடிந்தது. எல்லாருக்கும் முன்னால் கைகூப்பினேன். சீதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி அண்ணன், கலியாணத்த ஆவணியில வைப்பம்" என்றார். நான் கதிரையில் இருக்கப் போகும்போது யாரோ, "அப்ப எண்ணெய்ப் புகையக் கூடுதலா விடுறவன் ஆர்?" என்று கேட்டுவிட்டார். வாகரையில் ஓடுகிற உங்கள் மீன்பிடி போட் எஞ்சினைச் சொல்லிவிட்டேன். சீதேவி எழும்பிப் போய்விட்டார். நீங்கள் எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று முன்கூட்டி அறிவித்தால், அன்றைக்கு நான் வீட்டில் இருக்கமாட்டேன்.