அடையாளம் தெரியும்வரை பிடுங்காதீர்

எங்கள் தெருவில் தையற்கடையின் வாசற்படி இடுக்கில் ஒரு செடி முளைத்தது. பல் பல்லாக வெட்டிய இலை, காம்பு நுனியில் வட்டமாய் ஒரு மஞ்சள் பூ. சாக்கடையோரம், குப்பைமேடு, மைதானம் என்று எங்கே பார்த்தாலும் கண்ணில் படுகிற செடிதான். நமக்கெல்லாம் பழக்கம். அரசுக்கு மட்டும் அறிமுகம் இல்லை.

கடையின் கதவு வெளிப்பக்கம் திறப்பது. காலையில் கடை திறக்க வந்த தையல்காரம்மா, வழியில் நின்ற செடியைப் பிடுங்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்துத் தாவரத்துறை ஆய்வாளர் வந்து தொலைத்தார்.

"கையை எடுங்கம்மா. இது என்ன செடி?"

"தெரியலீங்க. சாக்கடையோரம் பூரா இதுதான் இருக்கு."

"அதையும் இன்னும் யாரும் அடையாளம் காணல."

'அடையாளம் நிர்ணயிக்கப்படாத தாவரத்துக்கு எவரும் இடையூறு விளைவித்தல் ஆகாது' என்ற ஆணை கதவில் ஏறியது. தையல்காரம்மா ஜன்னலில் ஏறினார். வாடிக்கைக்காரர்களை வெளியே நிறுத்தி, ஜன்னல் வழியாகவே அளவெடுத்தார். ஜன்னலில் இடுப்புவரைதான் தெரியும். ஆகவே சட்டை தைத்தார். கால்சட்டை வேலை மொத்தமும் கைவிட்டுப் போனது. பாதி வருமானத்தில் குடும்பம் முழுசாகச் சாப்பிட வேண்டியிருந்தது.

நிபுணர் வந்தார். பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, சூரியகாந்திக் குடும்பம் என்றார். தையல்காரம்மாவுக்குப் போன உயிர் வந்தது.

"அப்ப பிடுங்கிடலாமா?"

"குடும்பம்தாம்மா தெரிஞ்சிருக்கு. ஆள் யாருன்னு தெரியலியே."

நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு பூவே அல்ல, எக்கச்சக்கமான குட்டிப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கூட்டம் என்றும் அவர் விளக்கினார். ஆய்வாளர் முகம் சுண்டிவிட்டது. அவர் ஒரே பூ என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு பூவையும் தனித்தனியே விசாரிக்க உத்தரவானது. அது முடிவதற்குள் பூ நரைத்துப் பஞ்சாகிவிட்டது. கோப்பில் மஞ்சள், வாசலில் வெள்ளை. எனவே இது அதே செடிதானா என்று முதலில் அடையாளம் காண வேண்டும் என்றது துறை.

காற்றடித்தது, பஞ்சு பறந்தது. அடுத்த மழைக்கு எல்லார் வாசலிலும் மஞ்சள் பூ, எல்லார் கதவிலும் ஆணை. வாசலில் நடந்தால் செடி மிதிபடுமாம். நாங்களும் ஜன்னலில் ஏறினோம். முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினோம். பிறகு ஜன்னலுக்குப் படி வைத்தோம், படிக்குக் கம்பளம் விரித்தோம். அப்படி ஏறுவது முதுகுக்கு நல்லது என்று ஒரு மருத்துவர் சொல்லிவைக்க, பக்கத்துத் தெருவில் செடி இல்லாதவர்களும் ஏறினார்கள். வாசல் வழியாகப் போய்வருகிற ஆட்களோடு என் மைத்துனி பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஆய்வாளரே தையற்கடை ஜன்னலில் வந்து நின்றார். பதவி உயர்வு விழாவுக்குக் கால்சட்டை வேண்டும். இடுப்புக்குக் கீழே அளவெடுக்க முடியாது, உள்ளே ஏறி வாருங்கள் என்றார் தையல்காரம்மா. அவரும் ஏறினார். தொப்பை மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"வெளிய வந்துதான் சார் இழுக்கணும். கதவைத் திறந்தா செடி நசுங்கிடுமே?"

"அது சாதாரணக் களைம்மா. சீக்கிரம் திறங்க."

ஒரே நிமிடத்தில் அடையாளம் காணப்பட்டது. கதவு திறந்தது, செடி ஒடிந்தது, ஆய்வாளர் தலைமுதல் கால்வரை அளவெடுக்கப்பட்டார். அந்த அம்மாவும் பல மாதங்களுக்குப் பிறகு முழு மனிதர்களுக்குத் துணி தைத்தார்.

அந்த வாரமே தையல்காரம்மாமேல் புகார் போனது. கொடுத்தது துறை அல்ல, எங்கள் தெருதான். நாங்களெல்லாம் கம்பளம் விரித்து ஜன்னலில் ஏறும்போது, இந்தம்மாவுக்கு மட்டும் கதவு ஒரு கேடா? மனு முறைப்படி வந்திருந்ததால், ஆய்வாளரே நேரில் வந்து கதவு, ஜன்னல் இரண்டுக்கும் சீல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போட்டிருந்த புதுக் கால்சட்டை அளவு பிசகாமல் கச்சிதமாக இருந்தது. அதே மாதிரி எனக்கும் ஒன்று தைக்க வேண்டும். கடைதான் பூட்டிக் கிடக்கிறது.