எல்லாம் கம்பி பண்ணுற வேலை

"முடியாதுங்க" என்று சொன்ன பிறகுதான், அதைச் சொன்னது தன் வாய்தான் என்று அவருக்கு உறைத்தது.

மரச்சாமான் கடையின் புகார்ப் பிரிவில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தும் அந்த வார்த்தையை அவர் உச்சரித்ததே இல்லை. யார் வந்து என்ன சொன்னாலும் "சரிங்க." அதனால் கடையில் அவர் பெயரே 'சரிங்க' என்று ஆகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதுதான் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று நினைத்தார்கள்.

எதிரே நின்ற அம்மாளுக்கும் காதுகளை நம்ப முடியவில்லை. கைப்பிடி பிய்ந்த சோபாவின் படத்தைச் செல்போனில் காட்டியபடி நின்றிருந்தார். பிய்ந்த இடத்தில் வரிசையாகப் பல் தடம்.

"என்ன முடியாது?"

"மாத்திக் கொடுக்க முடியாதுங்க. இது நாய் கடிச்சது."

"நாய் கடிச்சா கிழியுற மாதிரி ஏன் செய்யுறீங்க?"

வழக்கமாக இந்த வாதத்துக்கும் அவரிடம் ஒரு 'சரிங்க' இருக்கும். அன்றைக்கு வேறொன்று வந்தது.

"கிழியாத மாதிரி செஞ்சா நாய்க்குப் பல்லு போயிடும்ங்க. அப்புறம் அதுக்கும் இங்கதான் வருவீங்க."

அம்மாள் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். பக்கத்து மேஜையில் டெலிவரி பார்ப்பவர் எழுந்தே வந்துவிட்டார்.

"என்ன சரிங்க, உடம்புக்கு ஏதாவதா?"

"பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கு. நேத்துதான்."

"அதுக்கும் நீங்க பேசினதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவருக்கும் அதுதான் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க, பல் டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

மேல்வரிசையில் அவருக்கு ஒரு பல் மட்டும், கூட்டத்தில் நிற்கக் கூச்சப்பட்டதுபோல, உள்ளே தள்ளி நின்றது. "போட்டோவுக்கெல்லாம் வாயை மூடிக்கிட்டே சிரிக்கிறீங்க" என்று மனைவி சொன்னாள். பல் டாக்டரிடம் நாளும் குறித்துவிட்டாள். அவர் "சரிம்மா" என்றார்.

டாக்டரம்மா பல்லின் பெரிய மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"பாருங்க சார், பல்லுன்னா வெளியில தெரியுறது பாதிதான். வெறுமனே இழுத்தா பல்லோட தலை மட்டும் வெளிய வரும், வேர் உள்ளேயே நின்னுடும். பல்லு சாஞ்சு போயிடும். வேரும் வரணும்னா முறுக்கணும். பல்லு மேல ஒட்டுற இந்த பிராக்கெட்ல சதுரமா ஒரு பள்ளம் இருக்கு. அதுக்குள்ள சதுரக் கம்பியை லேசா முறுக்கி விடுவோம். கம்பி பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். பள்ளம் விடாது. அப்ப வேற வழியில்லாம பல்லும் சேர்ந்து திரும்பும், வேர் வரைக்கும். புரியுதா?"

வாயில் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருந்ததால் அவரால் "ஆ" என்றுதான் சொல்ல முடிந்தது. அதுவும் ஒரு வகை 'சரிங்க'தான்.

இதையெல்லாம் டெலிவரிக்காரரிடம் சொன்னார். அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"மேல்வரிசைப் பல்லா?"

"ஆமா."

"வேர் எந்தப் பக்கம் இருக்கும்?"

"மேலதான்."

"மேலன்னா மூளைப் பக்கம்." டெலிவரிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அதை முறுக்குறாங்கன்னா சும்மாவா?"

அதன் பிறகு, தன் வாயை மாற்றியது கம்பிதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பல் விண்விண்ணென்று வலித்தது. ஒவ்வொரு வலியிலும் உள்ளே எதுவோ திரும்புவதுபோல் இருந்தது. இது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று பயந்து, எதிர்த்திசையில் கொஞ்சம் தள்ளி வைத்தால் சரியாகிவிடும் என்று முடிவுசெய்தார். ஆள் இல்லாத நேரத்தில் கட்டைவிரலை வாய்க்குள் விட்டு அந்தப் பல்லை அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

ஆள் இல்லை என்று அவர் நினைத்த ஒரு நேரத்தில் எதிரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர். நாற்காலி ஆடுகிறது என்று சொல்ல வந்தவர்.

"நான் நாற்காலி ஆடுதுன்னு சொல்றேன். நீ விரல் சூப்பிக் காட்டுறியா?"

"இல்லங்க, நான் பல்லை..."

"என்ன, பல்லைத் தட்டிடுவியா?"

அந்த விஷயம் மேனேஜர் வரைக்கும் போனது. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். போகும் முன் அவர் முன்னெச்சரிக்கையாக ஒரு காரியம் செய்தார். கம்பி குத்தினால் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா ஒரு மெழுகு கொடுத்திருந்தார். பட்டாணி அளவு போதும் என்று சொல்லியிருந்தார். அவர் முழு மெழுகையும் பிசைந்து மேல்வரிசை மொத்தத்துக்கும் அப்பினார். முறுக்கு அடங்கும், வாயும் அடங்கும்.

மேனேஜர் நிறையப் பேசினார். கடைசியாக, "சரி, போனது போகட்டும். இனிமே ஞாயித்துக்கிழமையும் வந்து உட்காருங்க. புகார் தேங்கிக் கிடக்கு" என்றார்.

அவர் 'சரிங்க சார்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மெழுகுக்குள் நாக்கு மாட்டிக்கொண்டது. "ழழிங்க" என்று ஒரு சத்தம் வந்தது.

"என்னது?"

மறுபடியும் "ழழிங்க."

"கிண்டலா?"

பதறிப்போய் விரலை விட்டு மெழுகை வழித்தெடுத்தார். அது மேனேஜர் மேஜையில் பொத்தென்று விழுந்தது. வாய் விடுபட்டதும் வார்த்தை தானாக வந்தது.

"புகார் தேங்குறது நான் ஞாயித்துக்கிழமை வராததால இல்ல சார். திருகாணி மட்டமானது. அதைப் போட்டா நாற்காலி ஆடத்தான் செய்யும். அந்தத் திருகாணியை வாங்குறது நீங்க. நியாயமா ஞாயித்துக்கிழமை நீங்கதான் வந்து உட்காரணும்."

மேனேஜர் மெழுகைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"சார், நான் இல்ல சார்" என்று கைகூப்பினார் அவர். "கம்பி. வேர் வரைக்கும் முறுக்குது. எனக்கே தெரியாம வந்துடுது."

வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்த நாற்காலியும் ஆடியது.

"உடம்பு சம்பந்தப்பட்டதுன்னா நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். ஆனா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா வேலை பத்தி வேற மாதிரி பேச வேண்டியிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் வாயே திறப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார். ஆனால் கூடத்தில் மச்சான் இருந்தான். மனைவியின் தம்பி. வேலை தேடுகிறேன் என்று ஒரு வாரத்துக்கு வந்தவன், வருஷம் திரும்பியும் அவருடைய சாய்வு நாற்காலியிலேயே தேடிக்கொண்டிருந்தான்.

"மாமா, கார் சாவி எங்க? ஃபிரண்ட்ஸோட வெளிய போகணும்."

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மச்சான் அதை வழக்கமான தலையாட்டல் என்றே எடுத்துக்கொண்டு அவர் சட்டைப்பையில் கையை விட்டான்.

"நீ எப்பக் கிளம்புற?" என்றார்.

"இப்பத்தான் மாமா, சாவி கிடைச்சதும்."

"அதைக் கேக்கல. இந்த வீட்டை விட்டு எப்பக் கிளம்புற?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க சொன்னீங்க?"

"நான் சொல்லலம்மா. கம்பி சொல்லுது."

"கம்பி வேற என்ன சொல்லுது?"

அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"இந்தப் பல்லுக்கு நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்னு சொல்லுது. என் பல்லு. நான் வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கிறது எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு."

மச்சான் மறுநாள் நண்பன் அறைக்குக் குடிபோனான். மனைவி கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு அவர் அவளை உட்கார வைத்து, சதுரப் பள்ளம், சதுரக் கம்பி, வேர், மூளை என்று எல்லாவற்றையும் விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மெல்ல மெல்ல இளகியது.

"அதானே பார்த்தேன். நீங்களாவது, அப்படிப் பேசுறதாவது! நான்தான் தப்பா நினைச்சிட்டேன். தம்பிகிட்டயும் சொல்லிடுறேன், கம்பியைக் கழட்டினதும் வந்துடுன்னு."

அடுத்து வரச் சொன்ன தேதியில் இருவருமாகவே போனார்கள். டாக்டரம்மா பக்கத்து அறையில் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு இருந்த பெண் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, பிராக்கெட்டுகளில் மாட்டியிருந்த குட்டி ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பியை உருவித் தட்டில் போட்டாள்.

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அம்மா, டாக்டர்கிட்ட ஒரு உதவி கேட்கணும். இந்தக் கம்பி முறுக்கினதால என் பேச்சு என் கட்டுப்பாட்டுல இல்லன்னு ரெண்டு வரி எழுதித் தரணும். கடையில கேக்குறாங்க."

"ஆமாம்மா" என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். "இவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன். இந்தக் கம்பி வந்த நாளிலிருந்து மேனேஜரைப் பேசுறார், என் தம்பியைப் பேசுறார், என்னையே பேசிட்டார். இவரா பேசுவார்? எல்லாம் கம்பி பண்ணுற வேலை."

அந்தப் பெண் தட்டிலிருந்த கம்பியை இடுக்கியால் தூக்கி விளக்கில் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் மனைவியைப் பார்த்தாள்.

"இதுவா? இது பல்லை வரிசைக்குக் கொண்டுவர்ற வட்டக் கம்பிங்க, சதுரப் பள்ளத்துக்குள்ள சும்மா உருளுமே தவிர எதையும் முறுக்காது. முறுக்குற கம்பியை இனிமேதான் போடப் போறோம்."