என் சட்டைப்பைக்குள் ஒரு ஓம்

இனிமேல் என் மனைவி றம்ஸியாவுக்கு என் வாயால் பதில் சொல்வதில்லை என்று போன மாதம் முடிவெடுத்தேன். கோபமெல்லாம் இல்லை. இருபத்தாறு வருடமாகப் பதில் சொல்லி வாய் களைத்துவிட்டது. அதிலும் ஆறு மாதமாக ஒரே கேள்வி.

"கண்ணக் காட்டப் போவமா?"

என் இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. உப்பளத்து வெயிலால் வந்த மங்கல் என்று சமாளித்துப் பார்த்தேன். உண்மை என்னவென்றால், கண்ணுக்குக் கிட்டக் கத்தி வருவதை நினைத்தாலே எனக்கு இடுப்புச் சாரம் நழுவும்.

அப்போதுதான் மகள் இல்மா தன் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்ததைக் காட்டினாள். போனுக்கு அப் என்கிற செயலி செய்ய ஒரு வரி கோட்கூட எழுதத் தேவையில்லையாம். திரையில் நிறநிறமாகக் கட்டைகள் கிடக்கும். ஒன்றோடு ஒன்றைக் கொழுவினால் போதும். மஞ்சள் கட்டை: 'பேச்சு நின்றால்'. ஊதாக் கட்டை: 'இந்தச் சத்தத்தைப் போடு'. எழுத்து மங்கினாலும் நிறம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. பத்தே நிமிடத்தில் கொழுவி முடித்தேன். சத்தம் என் சொந்தக் குரல். சம்மதம் சொல்லும் ஒரே ஒரு சொல்.

"ஓம்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

"இஞ்சாருங்க, தேங்கா முடிஞ்சிட்டு."

"ஓம்" என்றது பை.

"நேத்தும் சொன்னன்."

"ஓம்."

"மறந்துட்டீங்க."

"ஓம்."

அல்ஹம்துலில்லாஹ்! எங்கள் கலியாண வாழ்க்கையில் இவ்வளவு ஒற்றுமை இருந்ததேயில்லை. மூன்று நாள் மகாராஜாவாகத் தூங்கினேன். நாலாம் நாள் றம்ஸியாவின் குரலில் சீனி கொஞ்சம் கூடியிருந்தது. அப்போதே நான் முழித்திருக்க வேண்டும்.

"புதன்கெழம புத்தளத்தில கண் கிளினிக். நம்பர் எடுக்கட்டா?"

"ஓம்."

"ஒபரேஷன் எண்டாலும் செய்வீங்கதானே?"

"ஓம்."

"இல்மா, வாப்பா சொன்னது கேட்டிச்சா?"

மகளை முந்திக்கொண்டு பை சொன்னது: "ஓம்."

துள்ளி எழும்பினேன். "நான் சொல்லல்ல! அப்தான் சொன்ன!"

"ஓம்" என்று அதையும் ஒப்புக்கொண்டது பை. போனை எடுத்து அப்பை நிறுத்தி அதன் வாயை அடைத்தேன்.

"தெரியும்" என்றாள் றம்ஸியா. "அப்பம் சுடத் தெரியாத மனிசன் அப் சுட்டிரிக்கீங்க."

"எப்பிடித் தெரியும்?"

"நீங்க என்னைக்கு மொதத் தடவையிலேயே ஓம் சொன்னீங்க? 'என்ன?' எண்டு கேட்டுட்டுத்தான் ஓம் சொல்லுவீங்க. மூணு நாளா அந்த 'என்ன' இல்லாம வீடே வெறிச்செண்டு கெடக்கு."

இருந்தாலும் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"இந்த வெள்ளைய எடுத்தா ஒன்ட நரையெல்லாம் தெரியும் புள்ள. இப்ப நீ கலியாணப் பொண்ணு மாதிரியே இரிக்கிறாய்."

"தெரியட்டுமே. என்ட நரைய நீங்க பாக்காம வேற ஆரு பாக்கிற?"

இதற்குப் பதில் சொல்ல எந்த நிறத்திலும் கட்டை இல்லை. அவளை இன்னொரு தடவை நிக்காஹ் செய்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பயம் மட்டும் போகவில்லை.

புதன்கிழமை பஸ் ஏறினோம். "போனத் தாங்க, தொலச்சிடுவீங்க" என்று வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எங்கள் நம்பர் வந்தது. டொக்டர், இல்மாவைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளை. என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பக்கத்தில் கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. றம்ஸியா முகம் துடைக்க லேஞ்சி எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒபரேஷன் செய்தா நல்லாத் தெரியும்" என்றார் டொக்டர். "செய்வமா?"

கதவு எங்கே என்று நல்ல கண்ணால் தேடினேன். எழும்பலாம் என்றால், றம்ஸியா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் வாயே திறக்கவில்லை.

அவளுடைய கைப்பைக்குள்ளிருந்து என் குரல் தெளிவாகச் சொன்னது:

"ஓம்."