தொட்டில் நடந்த தூரம்

உட்கார்ந்த இடத்திலேயே நடக்கிற இனம் ஒன்று உண்டு. ஐம்பதைத் தாண்டிய வயது, ரத்தத்தில் சர்க்கரை, அதோடு ரத்தக் கொதிப்பு, வாசலில் புத்தம்புதுக் காலணி. இந்த நான்கும் ஒரே வீட்டில் இருந்தால் அந்த இனம் அங்கே குடியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

எங்கள் கோலகங்சார் ஊரின் ஆற்றோரத்தில் இந்த இனத்துக்குத் தலைமகன் பஹரோம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நடைக்கென்று இரவுச் சந்தையில் நீலக் காலணி வாங்கினார், அதற்குப் பொருத்தமாகத் தொப்பி வாங்கினார், வியர்வை துடைக்கத் துண்டு வாங்கினார், துண்டைப் போட ஒரு பையும் வாங்கினார். வியர்வை மட்டும்தான் பாக்கி. விடியற்காலையில் பனி, எட்டு மணிக்கு வெயில், சாயங்காலம் மழை, வெள்ளிக்கிழமை தொழுகை, சனிக்கிழமை யாராவது வீட்டில் கல்யாண விருந்து. மீதி நாட்களில் முழங்காலில் ஏதோ சொடுக்குச் சத்தம். இப்படி ஒரு மனிதன் எப்போதுதான் நடப்பான், சொல்லுங்கள்?

ஆனால் புத்தி சொல்வதில் குறை வைக்கமாட்டார். தேநீர்க் கடையில் "சீனி கொறச்சுப் போடு" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டு, தேங்காய்ப்பால் சோற்றில் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தபடி மனைவியின் தம்பியைப் பிடித்துக்கொள்வார்.

"டேய் ரொஸ்லி, தெனமும் நடக்கணும்டா. கொழுப்பு தன்னால கரையும்."

"நீங்க நடக்கறீங்களா மச்சான்?"

"நேத்து நடக்கறதா இருந்தேன்."

விளையாட்டில்லை. அந்தக் குடும்பத்தைப் பிடித்த சர்க்கரையை எனக்கு மூன்று தலைமுறையாகத் தெரியும். பஹரோமின் பெரியப்பா மாட் நோ என்பவருக்கு இரண்டு கால்விரல் போயின. மாட் நோவின் தங்கை, அதாவது பஹரோமின் அத்தை எஸா, கடைசிக் காலத்தில் பேரப்பிள்ளைகளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். அதனால்தான் அவர் மனைவி ஹஸ்னா ஒவ்வொரு மூன்று மாதமும் அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துப்போகிறாள்.

போன தடவை டாக்டர் யோங் அவர் கையில் அடி எண்ணும் கடிகாரம் ஒன்றைக் கட்டினாள். சின்னப் பெண், மரியாதையாக 'பாக்சிக்', அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் கறார்.

"தெனமும் எட்டாயிரம் அடி, பாக்சிக். மூணு மாசம் பார்ப்போம். கொறையலன்னா ஊசிதான்."

ஊசி என்றால் பாக்சிக்குக்கு ஜென்மப் பயம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொண்டு, ஊசிக்காரர்கள் ஊர் தாண்டின பிறகே இறங்கியவர் அவர். அதனால் மறுநாள் நிஜமாகவே நடந்தார். தேநீர்க் கடை வரை. முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. திரும்பும்போது ரொஸ்லியின் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

அதற்கு மறுநாள்தான் அந்த அதிசயம் நடந்தது. மகள் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். ஹஸ்னா சந்தையில். பேத்தி கூடத்தில் சுருள்கம்பித் தொட்டிலில். நாற்காலியில் சாய்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர் யதேச்சையாக மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டாயிரம் அடி! கயிற்றை இழுக்கிற கையைக் கடிகாரம் கால் என்று நம்பிவிட்டது. பேத்தியைத் தூங்க வைப்பது உழைப்பில்லையா, உழைப்பை உடற்பயிற்சி என்று எழுதினால் குற்றமா, என்று தனக்குத்தானே வழக்குப் பேசி, தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். நாலாம் நாள் கையும் வலித்தது. கடிகாரத்தைக் கழற்றிச் சுருள்கம்பியிலேயே கட்டிவிட்டார்; ஒரு தடவை இழுத்துவிட்டால் அது வெகுநேரம் தானே குதிக்கும். அப்புறம் என்ன? தொட்டில் நடந்தது, பேத்தி தூங்கினாள், பஹரோம் அவளைவிட நன்றாகத் தூங்கினார்.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக். ஹஸ்னாவின் இடுப்பில் பேத்தி. அன்றைக்கு மட்டும் அவர் கையில் கட்டி வந்த கடிகாரத்தை டாக்டர் கழற்றி மேசையில் வைத்துக் கணக்கைப் பார்த்தாள். கண் விரிந்தது.

"தெனமும் பதினோராயிரம்! இந்தக் கிளினிக்லயே நீங்கதான் மொதல், பாக்சிக்."

தாதிகள் கை தட்டினார்கள். பஹரோம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். டாக்டர் ரத்தச் சோதனைத் தாளைப் புரட்டினாள். முகம் சுருங்கியது.

"சுகர் ஏறியிருக்கே. இவ்வளவு நடந்தும் ஏறுதுன்னா மாத்திரை பத்தலன்னு அர்த்தம். இன்னையிலேர்ந்து ஊசி போட்டுக்கலாம்."

நிமிர்ந்த நெஞ்சு வயிற்றுக்கு இறங்கியது. வாயைத் திறந்தால் மானம் போகும். மூடிக்கொண்டால் ஊசி. தாதி ஊசிப் பெட்டியை எடுக்கப் போனாள். டாக்டர் மறுபடி கணக்கைப் பார்த்தாள்.

"காலையில ஒம்பதுலேர்ந்து பதினொன்னு வரைக்கும் நிக்காம நடக்கறீங்க. எங்க நடக்கறீங்க?"

"ஒம்பது மணிக்கா?" என்றாள் ஹஸ்னா. "அப்ப இவரு பேத்தியையில்ல பார்த்துக்கறாரு?"

அந்த நேரம் பார்த்துப் பேத்தி மேசைமேல் இருந்த கடிகாரத்தைக் கண்டுவிட்டாள். கையை நீட்டினாள். பிறகு வாய் நிறையக் கொட்டாவி விட்டு, பாட்டி தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹஸ்னா கடிகாரத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"டாக்டர்," என்றார் பஹரோம், தரையிடம். "ஊசி வேணாம். நடந்தது நான் இல்ல. தொட்டில்."

தாதிகள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. ஹஸ்னா சிரிக்கவில்லை.

"தொட்டிலுக்குச் சுகர் இருந்திருந்தா இந்நேரம் கொணமாயிருக்கும். உங்க அத்தை மாதிரி நீங்களும் இவளைக் கொரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கப் போறீங்களா?"

பஹரோம் கையை நீட்டிப் பேத்தியை வாங்கிக்கொண்டார். டாக்டர் ஊசிப் பெட்டியை மூடி, இன்னும் மூன்று மாதம் தவணை கொடுத்தாள். கடிகாரத்தை ஹஸ்னாவின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை பஹரோம் நீலக் காலணியில் காலை நுழைத்தார். உள்ளே ஏதோ நொறுங்கியது. கவிழ்த்தார். பல்லி முட்டை இரண்டு. ஒன்று உடைந்து, ஒன்று முழுசாக. இப்போது பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து ஆற்றங்கரையில் தினமும் நடக்கிறார். கடிகாரத்தோடு ஹஸ்னா பத்தடி பின்னால்.

சிரிக்கிறீர்கள். சரி. இதை உட்கார்ந்துதானே படித்தீர்கள்? எழுந்து போய் உங்கள் வாசல் காலணியை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். முட்டை விழுந்தால் வெட்கப்பட வேண்டாம், நம் இனம் பெரியது.