காத்துக்காரர் திறந்த குகை

வடமதுரை வட்டாரத்தில் பூமியைத் துளைத்துத் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர் காத்துக்காரர் ஒருவர்தான். தொழில், போர்வெல் போடுவது. போட்ட இடத்திலெல்லாம் காற்றுதான் வந்தது. பெயரும் அப்படி வந்ததுதான்.

கடைசியில் தன் சொந்த நிலத்திலேயே போட்டார். பாதி ஆழத்தில் கம்பி சடாரென்று வெறுமைக்குள் இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் பக்கத்துப் பாறையிடுக்கைத் தோண்டி, ஏணி வைத்து இறங்கி, ஒரு சுண்ணாம்புக்கல் குகையைக் கண்டுபிடித்துவிட்டு ஏறி வந்தார்.

"உள்ள அம்புட்டு அழகு! சனம் வந்து பாக்கணும்" என்று ஊரெல்லாம் சொன்னார். இவர் ஓட்டைக்குத் தண்ணீரே வருவதில்லை, நாம் ஏன் போகவேண்டும் என்றது சனம். ஒரே ஒருத்தர் இறங்கி உயிரோடு திரும்பினால் மற்றவர்களுக்கும் துணிச்சல் வரும். அந்த ஒருத்தராக என்னைப் பிடித்தார். பத்திரிகையில் இயற்கையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவன் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

திறப்பு விழாவுக்கு வாழைமரம், சீரியல் செட், நல்ல கூட்டம். காத்துக்காரர் முதலில் இறங்கினார். பின்னாலேயே நானும் இறங்கினேன், இடுப்பு வரைக்கும்.

"ஏலே, குகை சாரைக் கவ்விருச்சுடா!" என்று மேலே கூட்டம் கத்தியது.

கீழேயிருந்து என் காலைப் பிடித்திருந்தவர் கேட்டார்: "காலைல என்ன சார் சாப்டீக?"

"பிரியாணி."

"காலைலயேவா?"

திண்டுக்கல்காரனிடம் கேட்கிற கேள்வியா இது?

அதற்குள் மேலே இரண்டு பேர் சுண்ணாம்பு வாளிகளோடு வந்து நின்றார்கள். "செத்த நகருங்க சார், உள்ள வெள்ளையடிக்கணும்."

"குகைக்கு எதுக்குய்யா வெள்ளை?"

பதில் கீழேயிருந்து வந்தது. "நாலு பேரு வார எடம் சார், அழுக்கா இருக்கலாமா?"

வாழ்க்கையில் நான் எதையும் எதிர்த்து நின்றதில்லை. அன்று எனக்காக என் இடுப்பு நின்றது. வாளிகள் மேலேயே காத்திருந்தன.

காத்துக்காரர் ஒரே இழுப்பு இழுத்தார். சட்டைப் பொத்தான்கள் முன்னே போக, நான் பின்னே விழுந்தேன். டார்ச் அடித்தார். கல், திரைச்சீலையாக மடிந்து தொங்கியது. நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இதுல ஒரு பொட்டுச் சுண்ணாம்பும் படக்கூடாது."

"ஏன் சார், நல்லா இல்லையா?"

"இதுக்கு மேல நல்லா இருக்கவே முடியாதுண்ணே."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "நான் போட்ட ஓட்டைய நல்லா இருக்குன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் சார்."

மேலே வர என்னை ஊரே கூடி இழுத்தது. "இவரே போயிட்டு வந்துட்டாரு, நமக்கென்ன!" என்று அப்போதே சனம் வரிசையில் நின்றுவிட்டது.

அடுத்த தடவை போனபோது வாசலின் இருபுறமும் உளித் தடம். எதற்கு இத்தனை அகலம் என்று வருகிறவர்கள் கேட்டால், "எங்க சார் திரும்ப வருவாருல்ல" என்கிறாராம்.

டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். காத்துக்காரர் எனக்கென்று அளவெடுத்து வெட்டிய வாசல் தொளதொளத்துவிடுமே என்றுதான் யோசிக்கிறேன்.