வர்க்கிச்சன் ஆண்கெட்டு மீட்ட போர்

வாழ்க வர்க்கிச்சன்! மீனச்சிலாற்றுத் தென்கரையின் தனிவேந்தன், ரப்பர்க்காட்டுப் பெருந்தலைவன், பாலாச் சந்தையில் போத்து என்னும் எருமை இறைச்சியின் எலும்பையும் சதையையும் எட்ட நின்றே பிரித்தறியும் கழுகுக்கண்ணன், முப்பத்துமூன்று ஆண்டுகள் சுமந்த பழியைத் துடைக்கக் கணிப்பொறியோடு பொருத காதையைச் சொல்லத் துணிந்தோம். மின்கம்பிகளில் உறையும் தேவதையே, கதை முடியும்வரை கண்ணிமைக்காதிருப்பாய்!

பழி இதுதான். மணமகன் தன் கையாலேயே மின்னு என்னும் தாலியின் சரட்டில் ஆண்கெட்டு என்ற இறுக்கமான முடிச்சைப் போடவேண்டும் என்பது அவர்கள் குலவழக்கம். போட்டது வர்க்கிச்சன் அல்லன், கை நடுங்கிய அவனை ஒதுக்கிவிட்டு அக்காள் ஏலிக்குட்டியே போட்டாள் என்பது மனைவி ரோசிலியின் கட்சி. முதுகுக்குப்பின் நடந்ததை அவள் கண்டதில்லை. பிடரியருகே கேட்ட வளையல் ஓசை ஒன்றே அவள் சான்று. ஏலிக்குட்டியோ, "நான் தொடவே இல்ல" என்று தம்பிக்காக அன்றுமுதல் அடித்துப் பேசிவந்தாள். ஆனாலும் மாடு வாங்குவதோ மகளுக்கு வரன் பார்ப்பதோ, எந்த வழக்கிலும் ரோசிலி கடைசியாக ஓரம்பு விடுவாள்: "ஒரு முடிச்சுப் போட முடியல, பேச வந்துட்டாரு." அத்தோடு வர்க்கிச்சன் ரப்பர்க்காட்டுக்குக் கிளம்பிவிடுவான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பெருமகன், ஒருநாள் அடுக்களை வாசலில் நின்று வஞ்சினம் உரைத்தான்.

"ஞாயித்துக்கிழமை கல்யாண நாள் சாப்பாட்டுக்கு எல்லாரும் வருவாங்கல்ல? இத்தனை வருஷமா யாரும் போட்டுப் பாக்காத நம்ம கல்யாணக் கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி டிவியில போட்டுக் காட்டறேன். யார் கட்டினதுன்னு ஊரே பாக்கட்டும்."

"போடுங்க இச்சாயா. கை நடுங்காம போடுங்க" என்றாள் ரோசிலி.

தொடங்கிற்று போர். பரணிலிருந்து இறங்கியது மைத்துனன் குவைத்திலிருந்து கொணர்ந்த வி.சி.ஆர். என்னும் கரும்பேழை. நாடாவின்மேல் படர்ந்திருந்த வெண்பூஞ்சைப் படையைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்தழித்து, மஞ்சள் வெள்ளை சிவப்பு என்னும் மூவண்ணக் கம்பிகளை இடமாற்றிச் சொருகி, திட்டி, மீண்டும் சொருகி, ஓடும் படத்தைக் கணிப்பொறி விழுங்கும்படி செய்தான் வீரன். தீர்ப்பைத் தான் மட்டும் முதலில் அறியவேண்டும், அடுக்களைக்கு எட்டக்கூடாது என்று கணிப்பொறியின் ஒலியை மட்டும் அடைத்துவைத்தான். நாடா ஓடும் வேகத்தில்தான் படமும் ஏறும். ஆகவே மாமன்மார் ஒவ்வொருவராய்க் காரிலிருந்து இறங்குவதை அவன் முழுதாகப் பார்த்துத் தீர்க்கவேண்டியிருந்தது.

வந்தது அந்தக் கணம். அந்தோ, திரையில் அவன் கைகள் காற்றிலாடும் வாழையிலைபோல் நடுங்கின! சரடு நழுவிற்று. ஏலிக்குட்டி முழங்கையால் அவனைத் தள்ளிவிட்டு இழுத்து முடிந்தாள். தானே கட்டியதாக மனமார நம்பியிருந்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

எனினும் அவன் கையில் இன்னோர் ஆயுதம் எஞ்சியிருந்தது. அதன் பெயர் சுருக்கம். கரும்பேழையோ வெளியே தள்ளும்போது நாடாவை மென்று கந்தலாக்கி, கேட்காமலே அவனுக்குத் துணைநின்றது. இனி உலகில் மிஞ்சியிருப்பது கணிப்பொறியிலுள்ள கோப்பு மட்டுமே. வெந்த கப்பைக்கிழங்கை மத்தால் குழைப்பதுபோல் அவன் அந்தப் படத்தை நசுக்கினான், மேலும் நசுக்கினான், மூக்கு எது முந்தானை எது என்று கர்த்தரே கேட்டாலும் சொல்லமுடியாத கட்டங்களாகும்வரை நசுக்கி, பெரிய கோப்பை அழித்தொழித்தான்.

ஞாயிறு வந்தது. விருந்துண்ட சுற்றம் டிவிமுன் திரண்டது. ஏலிக்குட்டி கைகழுவக்கூட எழாமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரையில் வெள்ளைக் கட்டங்கள் சில, பொன்னிறக் கட்டங்கள் சிலவற்றை நெருங்கின.

"பாருங்க" என்று முழங்கினான் வர்க்கிச்சன். "எந்தக் கை நடுங்குது? யாராவது காட்டுங்க பாப்போம்."

யாராலும் காட்ட முடியவில்லை. ரோசிலியே கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தாள். வெற்றித்திரு அவன் தோளில் அமர ஒருகால் தூக்கிய அவ்வேளை, படத்தை நசுக்கியவன் தொட மறந்த ஒலியானது, அன்று கேசட்டில் பாட்டுச் சேர்க்கத் தனிக்கூலி எதற்கு என்று கஞ்சத்தனம் பிடித்து அவனே மறுத்ததால் கலப்படமின்றிப் பிழைத்திருந்த ஒலியானது, வளையல் கலகலப்போடு கோயில்மணிபோல் எழுந்தது:

"டேய் வர்க்கிச்சா, இப்படி நடுங்கினா எப்பக் கட்டி முடிக்கறது? தள்ளு, நான் கட்டறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

ஏலிக்குட்டி எலும்பைக் கீழே வைத்தாள். "அது வேற யாரோ குரல்."

"வளையலும் வேற யாரோடதோ, சேச்சி?" என்றாள் ரோசிலி.

வர்க்கிச்சன் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினான்.