அரியாங்குப்பம் என்னும் அயல்நாடு

கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பவர்களில் பாதிப் பேருக்குப் பதில் தேவையில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் போதும். நானும் அந்தப் பாதியில் இருந்தவள்தான்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில், புதுச்சேரியில் ஒரு வரி வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சீனியருக்கு ஒரே நிபந்தனை: கட்சிக்காரர் விஷயம் அலுவலகத்தைத் தாண்டக் கூடாது. தாண்டவிட்ட இரண்டு ஜூனியர்களை எனக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். (அவர்கள் நாற்காலியில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.)

அந்த வருஷம் வக்கீல்களுக்கு ஒருநாள் டிரான்ஸ்ஃபர் பிரைசிங் வகுப்பு நடந்தது. சொந்தக்காரக் கம்பெனிகள் நாடு விட்டு நாடு சரக்கு விற்றுக்கொண்டால் சலுகை விலை செல்லாது, வெளியாளுக்கு என்ன விலையோ அதை வைத்துத்தான் வரி என்கிற சட்டம். பாடம் எடுக்கச் சென்னையிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்திருந்தார்.

அவர் சந்தேகம் உண்டா என்று கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை, அந்த மட்டும் சாமர்த்தியம். நெல்லித்தோப்பில் மெழுகுவத்தி செய்யும் அண்ணன் இந்தியர். அவர் தம்பி, பிரெஞ்சு நேஷனாலிட்டிப் பெண்ணைக் கட்டியதால் தானும் பிரெஞ்சுக்காரரானவர். அண்ணன் தம்பிக்குப் பாதி விலைக்குச் சரக்குத் தருகிறார். இது சர்வதேச வியாபாரம்தானே, இதுவரை கணக்கே காட்டவில்லையே, என்ன தண்டனை என்று கணீரென்று கேட்டேன்.

நெல்லித்தோப்பில் மெழுகுவத்தி செய்பவர் ஒரே ஒருவர்தான். எங்கள் கட்சிக்காரர்.

பக்கத்திலிருந்த சீனியர் உதடு அசையாமல் சொன்னார்: "உக்காரும்மா. முன்னாடி நோட்டுல எழுதிக்கினு இருக்காரே, அவரு இன்கம்டாக்ஸ் ஆபீசரு."

உட்காரப் போனேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வேலை போனால்கூடப் பரவாயில்லை, போகும்போதெல்லாம் காபி வாங்கிக் கொடுத்த ஒரு நல்ல மனிதரை நானே பிடித்துக் கொடுத்துவிட்டேனே!

ஆடிட்டர் மட்டும் நிதானமாகக் கேட்டார். "தம்பி பிரான்ஸ்ல எந்த ஊரும்மா?"

"பிரான்ஸ்ல இல்ல சார். இங்கதான், ஆத்துப்பாலம் தாண்டி அரியாங்குப்பத்துல."

"எத்தனை வருஷமா?"

"பொறந்ததுலேர்ந்து சார்."

அரங்கம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் ஆடிட்டர் விளக்கினார். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது இங்கே பேச்சே இல்லை, ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பதுதான் கணக்கு. இருவருமே உள்ளூர், ஆகவே இந்தச் சட்டம் இவர்களைத் தொடாது. அதிகாரியும் ஆமாம் என்று தலையாட்டி, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அந்த மூடி பொருந்திய சத்தத்தைப்போல் இனிமையான சங்கீதத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. இருநூறு பேர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அத்தனை பேரையும் கும்பிடலாம் போலிருந்தது.

சீனியர் காரிலேயே திரும்பினோம். அலுவலக வாசலில் இறங்கும்போது சொன்னார். "நல்லவேளை, உனக்குச் சட்டம் தெரியல. தெரிஞ்சிருந்தா நெஜமாவே மாட்டிவிட்டிருப்பே."

வேலை பிழைத்தது. ஆனால் அன்று கடைசி வரிசையில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் ஓர் அரியாங்குப்பத்து வக்கீல். பிற்பாடு அவரைத்தான் கட்டிக்கொண்டு அரியாங்குப்பத்துக்கே குடிபோனேன். இன்றும் கோர்ட்டுக்குக் கிளம்பி ஆற்றுப்பாலம் ஏறும்போது, வண்டியை மெதுவாக்கிவிட்டுக் கேட்கிறார்:

"பாஸ்போர்ட்டு எடுத்துக்கினியா?"